எம்மலர்த் தேன்? – தேனின் கிருமியெதிர்ப்பு ஆற்றல் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

இனிமைக்கு உவமை தேடும் தமிழ்க் கவிஞர்க்கு முதலில் கைகொடுப்பது தேன். மொழியைத் தேன் என்பர். இசையைத் தேன் என்பர். மழலையின் சொல்லையும் தேன் என்பர். உவமையாகவே பழகிவிட்டமையால், தேன் எங்கும் ஒரே தன்மையுடைய ஒரு பொருள் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் புண்ணுக்கு மருந்து தேடிய மருத்துவர், பண்டைக் காலந்தொட்டே, தேனை ஒன்றாகக் கருதவில்லை. எந்நாட்டுத் தேன், எவ்வகை ஈயின் தேன், எவ்விடத்துத் தேன் என்று அவர்கள் பகுத்துப் பார்த்தனர். அவ்வினாவை இடையில் மறந்த அறிவியல், ஏறத்தாழ நூறாண்டுக் காலம் முயன்று அதற்கே திரும்பி வந்தது. அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கமாகத் தொகுத்துரைக்கப்படுகிறது.

பண்டையோர் கண்ட பாகுபாடு

தேனைப் புண்ணுக்கு இட்டமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்து நாட்டினது. எட்வின் ஸ்மித் என்பார் 1862-இல் லக்சர் நகரில் விலைக்கு வாங்கியதும், ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் 1930-இல் மொழிபெயர்த்து வெளியிட்டதுமான பாப்பிரசுச் சுவடி, ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சார்ந்தது, அதனினும் பழைய மூலத்தின் படி என்று அறிஞர் கருதுவர். காயமுற்றோர் 48 பேரின் நிலையை அது முறைப்பட விளக்குகிறது. முதல் நாள் பச்சை இறைச்சியை வைத்துக் கட்டுவதும், பின்னர்க் கொழுப்பும் தேனும் நார்த்துணியும் கொண்டு நாள்தோறும் கட்டுவதும் அதில் மீண்டும் மீண்டும் வரும் மருத்துவம். தேனும் கொழுப்பும் சேர்ந்த அக்கலவையைத் தம் காலத்தில் சோதித்துப் பார்த்த கைடோ மஜ்னோ என்னும் அறிஞர், கிருமிகள் அதில் குன்றுவதை 1975-இல் வெளியிட்ட தம் மருத்துவ வரலாற்று நூலில் எடுத்துக்காட்டினார்.

கிரேக்கர் தேனை நாடும் நிலமும் நோக்கிப் பிரித்தனர். அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) விலங்கியல் நூல், வெளிறிய நிறத் தேனைக் கண்ணோய்க்கும் புண்ணுக்கும் உரியதாகக் குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டினராகிய டயாஸ்கோரிடிஸ் தம் மருந்துப்பொருள் நூலில், அட்டிக்கா நாட்டுத் தேனைத் தலைமையானதென்றும், அதன்பின் சைக்ளேட்ஸ் தீவுகளின் தேன், அதன்பின் சிசிலித் தேன் என்றும் வரிசைப்படுத்தினார். அழுகிய புண்ணுக்கும் குழிந்த புண்ணுக்கும் தேன் ஏற்றது என்பது அவர் கூற்று.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, தேனை எட்டு வகையாக்கியது: பௌத்திகம், பிராமரம், க்ஷௌத்ரம், மாக்ஷிகம், சாத்ரம், ஆர்க்கியம், ஔத்தாலகம், தாளம். இவற்றுள் பெரும்பாலானவை அத்தேனைத் தரும் ஈயின் வேறுபாடு பற்றி எழுந்த பெயர்கள். தேனைச் சூடாக்குதல் தீது என்று ஆயுர்வேத நூல்கள் வற்புறுத்துவதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

தமிழ்ச் சித்த மருத்துவரோ, தேன் கிடைக்கும் இடத்தை நோக்கினர். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், மனைத்தேன், புற்றுத்தேன் என்பன குணபாட நூல்கள் கூறும் வகைகள். புதிய தேன், பழைய தேன் என்னும் பாகுபாடும் உண்டு. மருந்தை உடலுக்குள் செலுத்தும் துணைமருந்தாக, அஃதாவது அனுபானமாக, தேன் அவர்களிடம் பெற்ற இடம் பெரிது.

கிரேக்கர் நிலத்தையும் அதன் பூவையும், வடமொழியார் ஈயையும், தமிழர் கூட்டின் இடத்தையும் முதன்மையாகக் கொண்டனர். இம்மூன்று நோக்கும் ஒரே பொருளைப் பற்றியன. இவற்றுள் எது சரி என்னும் வினாவுக்கு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிர்

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றது. அதன்பின் பழைய மருந்துகள் பலவும் ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் சோதிக்கப்பட்டன. தேனுக்குக் கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உண்டு என்பதை முதலில் பதிவு செய்தவராக, 1892-இல் ஆய்ந்த ஹாலந்து நாட்டவராகிய வான் கெட்டெல் குறிக்கப்படுகிறார்.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று கையில் இருந்தது. தேனில் சர்க்கரை மிகுதி. நீர் நூற்றுக்கு இருபது பங்கிற்கும் குறைவு. உப்பிலிட்ட காயைப் போலவே, தேனும் கிருமியின் உடலிலுள்ள நீரை உறிஞ்சி அதனை வாட்டிவிடும். தேனின் புளிப்பும் அதற்குத் துணைசெய்யும். அமில அளவையாகிய பி.எச். தேனில் பெரும்பாலும் 3.2 முதல் 4.5 வரை இருக்கும். நோய்க்கிருமிகள் பல இப்புளிப்பில் தழைப்பதில்லை. சர்க்கரையும் புளிப்புமே காரணம் என்றால், எந்தத் தேனும் ஒன்றே. கெட்டியான சர்க்கரைப் பாகும் ஏறத்தாழத் தேனே. பண்டையோர் செய்த பாகுபாடு அனைத்தும் வெறும் நாச்சுவையாகிவிடும்.

இவ்விளக்கத்தை முதலில் அசைத்தது அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு. கொலராடோ வேளாண் கல்லூரியைச் சார்ந்த வால்ட்டர் சாக்கெட், குடற்காய்ச்சல் முதலிய நோய்களைத் தேன் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குக் கடத்துமோ என்னும் அச்சத்தால் ஆய்வைத் தொடங்கினார். 1919-இல் அவர் வெளியிட்ட முடிவு அச்சத்தைப் போக்கியது: தேனில் இட்ட கிருமிகள் சில மணி நேரத்திலோ சில நாளிலோ மடிந்தன. ஆனால் அதனோடு மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. தேனில் ஓரளவு நீர் கலந்தபோது அதன் ஆற்றல் குறையாமல் மிகுந்தது. சர்க்கரையே காரணமாயின், நீர் கலக்குந்தோறும் ஆற்றல் குன்றவேண்டும். நிகழ்ந்ததோ அதற்கு மாறு. இப்புதிர் நெடுங்காலம் விடுவிக்கப்படாமல் நின்றது.

ஜெர்மனியில் டோல்ட் என்பாரும் அவருடன் டு, ட்சியாவ் என்னும் இருவரும் 1937-இல் அடுத்த அடி எடுத்துவைத்தனர். தேனில் சர்க்கரைக்கு அப்பாற்பட்ட ஒரு தடைப்பொருள் உள்ளது. அது சூட்டாலும் ஒளியாலும் கெடும் என்று அவர்கள் காட்டினர். அப்பொருளின் இயல்பு அறியப்படாமையால், தடுப்பது என்னும் பொருள்பட 'இன்ஹிபின்' என்று ஒரு பெயரை மட்டும் அதற்கு இட்டனர். தேனைச் சுடவைக்காதே என்ற ஆயுர்வேத விதிக்கு அந்நூலார் கூறிய காரணம் வேறு. எனினும் சூட்டால் தேன் எதையோ இழக்கிறது என்பது இப்போது சோதனைத் தட்டிலும் தெரிந்தது.

இன்ஹிபின் என்ற பெயர் பிறந்த காலம், தேனுக்கு நற்காலமன்று. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1928-இல் கண்ட பெனிசிலின், 1940-களில் மருந்தாகி உலகெங்கும் பரவியது. ஓர் ஊசியில் அடங்கும் கிருமிக்கு ஒட்டும் பிசுக்கும் நிறைந்த தேனைத் தடவுவானேன் என்று மருத்துவர் எண்ணினர். 1976-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றின் தலையங்கம், பயனும் தீங்கும் இல்லாத பொருள்களின் வரிசையில் தேனையும் சேர்த்தது. இத்தீர்ப்பு எழுதப்பட்டதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே புதிர் விடுவிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் வியப்பு.

ஈ தரும் காவல்

அமெரிக்க வேளாண் துறையின் பென்சில்வேனியா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜொனாதன் வைட்டும் அவர் குழுவினரும் 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், இன்ஹிபின் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடே என்று நிறுவின. மருத்துவமனைகளில் புண் கழுவப் பயன்படும் அதே நுரைக்கும் நீர்மம் தேனில் எங்ஙனம் வந்தது?

தேனீ, பூவின் இனிய நீரை வயிற்றுப் பையில் ஏந்தி வந்து கூட்டில் உமிழ்கிறது. அப்போது அதன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதிற் கலக்கிறது. குளுக்கோஸ் சர்க்கரையை அந்நொதி குளுக்கோனிக் அமிலமாக மாற்றுகிறது. அம்மாற்றத்தின் உடன்விளைவே ஹைட்ரஜன் பெராக்சைடு. தேனின் புளிப்புக்கும் அந்த அமிலமே தலையாய காரணம். தேன் முற்றிக் கெட்டியானபின் நொதி ஏறத்தாழ உறங்கிவிடுகிறது. நீர் கலந்தால் மீண்டும் விழிக்கிறது. 1919-இல் சாக்கெட் கண்ட விந்தைக்கு விடை இதுவே.

இயற்கையின் ஏற்பாடு இதனால் விளங்குகிறது. பூநீர் கெட்டித் தேனாக முற்றும் வரை, நீர் மிகுந்த அந்த இடைக்காலத்தில் அது புளித்துக் கெடக்கூடும். அக்காலத்தில் கூட்டின் உணவைக் காப்பதற்கே தேனீ இந்நொதியைச் சேர்க்கிறது. முற்றியபின் சர்க்கரையின் செறிவே போதிய காவல். புண்ணில் இட்ட தேனில் புண்ணின் நீர் கலக்கும்போது, முன்பு கூட்டைக் காத்த அதே வினை மறுபடியும் தொடங்குகிறது. அவ்வாறு உண்டாகும் பெராக்சைடின் அளவு, மருந்துக்கடைப் புட்டியில் உள்ளதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. ஒரேயடியாக ஊற்றப்படாமல் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருப்பதால், உடலின் திசுவுக்கு ஊறு மிகுதியாக நேர்வதில்லை.

ஈயை நோக்கித் தேனைப் பகுத்த முறைக்கு இவ்விதம் ஓர் அடிப்படை கிடைத்தது. எனினும் பூவும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி, பூந்தாதிலிருந்தும் பூநீரிலிருந்தும் தேனுக்குள் வருகிறது. அது மிகுந்த தேனில் காவல் குறைவு; குறைந்த தேனில் காவல் மிகுதி. சூடும் ஒளியும் நொதியைக் கெடுப்பதால், தேனை எடுத்துப் பேணும் மனிதனின் கையும் அதன் ஆற்றலை முடிவு செய்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1992-இல் வெளிவந்த மதிப்புரை ஒன்று, தேனுக்குத் தேன் இவ்வாற்றல் நூறு மடங்கு வரை வேறுபடக்கூடும் என்று கூறியது. அதனை எழுதியவர் பீட்டர் மோலன்.

பழமையில்லாத ஒரு மருந்து

வேல்ஸ் நாட்டவராகிய மோலன், நியூசிலாந்தில் ஹாமில்ட்டன் நகரத்து வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்தவர். தேனீ வளர்ப்பிலும் ஈடுபாடுடைய பள்ளி ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால், 1980-களின் தொடக்கத்தில் மானுக்காத் தேனின் பக்கம் அவர் பார்வை திரும்பியது.

மானுக்கா என்பது நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் வளரும் ஒரு குறுமரம். மாவோரி மக்கள் அதன் இலையையும் பட்டையையும் மருந்தாகக் கொண்டவர். கேப்டன் குக்கின் மாலுமிகள் அவ்விலையைத் தேயிலைபோல் காய்ச்சிக் குடித்தமையால் 'தேயிலை மரம்' என்னும் பெயரும் அதற்கு உண்டாயிற்று. ஆனால் மானுக்காத் தேனுக்கு அத்தகைய பழமை இல்லை. தேனைச் சேர்த்துவைக்கும் தேனீயே அந்நாட்டில் இல்லை. மேரி பம்பி என்னும் ஆங்கிலப் பெண்மணி 1839-இல் ஹோக்கியாங்காவிலிருந்த கிறித்தவ ஊழிய நிலையத்திற்குக் கூடைக் கூடுகளில் கொண்டுவந்த தேனீக்களே அங்கு முதலில் வந்த தேனீக்கள். அதன்பின்னும் மானுக்காத் தேனுக்கு மதிப்பில்லை. நிறம் கருமை, சுவை கடுமை, கூழ்போல் இறுகிக்கொள்வதால் அடையிலிருந்து பிரித்தெடுப்பதும் கடினம். வளர்ப்போர் அதனை இரண்டாந்தரமாகவே கருதினர்.

மோலன் கையாண்ட முறை எளியது. கிருமி பரப்பிய தட்டில் ஒரு சிறு குழி வெட்டி அதில் தேன் இடப்படும். தேன் ஊறிப் பரவிய இடத்தில் கிருமி வளராமல் ஒரு தெளிந்த வட்டம் தோன்றும். அவ்வட்டத்தின் அகலம், கிருமிநாசினியாகிய ஃபீனால் உண்டாக்கும் வட்டத்தோடு ஒப்பிடப்படும். பின்னர்க் கேட்டலேஸ் சேர்த்துப் பெராக்சைடு முழுவதும் நீக்கப்படும். ஏனைய தேன்களில் அத்துடன் வட்டம் மறைந்தது, மானுக்காவில் மறையவில்லை. பெராக்சைடு அல்லாத வேறொரு பொருள் அதில் உள்ளது என்னும் முடிவு 1988-இல் வெளியாயிற்று.

1991-இல் மோலனும் உடன் ஆய்வாளர்களும், 26 வகைப் பூக்களைச் சார்ந்த 345 தேன் மாதிரிகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 36 மாதிரிகளில் ஆற்றல் கண்டறியத்தக்க அளவில் இல்லை, அல்லது அவ்வெல்லையை ஒட்டியே இருந்தது. மானுக்கா என்று பெயர் கொண்டவற்றுள்ளும் எல்லாம் ஒரே தரத்தனவாக இல்லை. தேன் என்ற பெயரே மருந்தன்று என்பதும், பூவின் பெயர் தெரிந்தாலும் சோதித்தாலன்றி உறுதியில்லை என்பதும் இவ்வாய்வு தரும் பாடம்.

அம்மறைபொருள் யாதென்பது மேலும் இருபதாண்டு விளங்கவில்லை. 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹென்லே குழுவினர், அது மெத்தில்கிளையாக்சால் என்று கண்டனர். நியூசிலாந்து மானுக்காத் தேன்களில் கிலோ ஒன்றுக்கு 38 முதல் 761 மில்லிகிராம் வரை அது இருந்தது; ஒப்புநோக்கிய பிற தேன்களில் சில மில்லிகிராமே. அதே ஆண்டில் வைக்காட்டோ ஆய்வாளரும் தனியே அம்முடிவை எட்டினர். 2009-இல் அதன் ஊற்றும் புலப்பட்டது. மானுக்காப் பூவின் நீரிலேயே டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்னும் பொருள் உள்ளது. தேன் கூட்டிலும் கலத்திலும் இருந்து பழகும்போது அது மெல்ல மெத்தில்கிளையாக்சாலாக மாறுகிறது. பூவே இங்கு மருந்தைத் தருகிறது. காலம் அதனை முதிர்விக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரில் பவுலுஸ் குவாக்மன் குழுவினர் 2010-இல் மற்றொரு வழியில் சென்றனர். மருத்துவத்திற்கென உண்டாக்கிய ஒரு தேனை எடுத்து, அதிலுள்ள காவற் கூறுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தனர். பெராக்சைடு, மெத்தில்கிளையாக்சால், புளிப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு, தேனீயின் உடலே கிருமிகளுக்கு எதிராக உண்டாக்கும் 'டிஃபென்சின்-1' என்னும் புரதமும் அத்தேனில் பணிபுரிவதை முதன்முதலாகக் கண்டனர். மறு ஆண்டில் மானுக்காவோடு ஒப்பிட்டபோது, மானுக்காவில் அப்புரதம் காணப்படவில்லை. இரண்டும் கிருமியைக் கொல்வன. கொல்லும் வழியோ வெவ்வேறு.

மருத்துவமனைச் சான்றுகள்

சோதனைத் தட்டில் வெல்வது வேறு. நோயாளியின் உடலில் வெல்வது வேறு. தேன் இரண்டாவது களத்திலும் சோதிக்கப்பட்டது. நைஜீரியாவில் எஃபெம் என்னும் அறுவை மருத்துவர், ஆறாத புண்ணுடைய 59 பேருக்குத் தேனிட்டுக் கண்ட பயனை 1988-இல் வெளியிட்டார். ஒருவரைத் தவிர ஏனையோர் தேறினர். மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் சுப்ரமணியம் என்னும் அறுவை மருத்துவர், தீப்புண்பட்ட 104 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்குத் தேனும் மறு பகுதியினர்க்கு வெள்ளிச் சேர்மக் களிம்பும் இட்டார். 1991-இல் அவர் அளித்த கணக்குப்படி, ஏழு நாளில் தேனிட்டோரில் நூற்றுக்கு 91 பேரின் புண் கிருமி நீங்கியது. களிம்பிட்டோரில் நூற்றுக்கு 7 பேரினதே நீங்கியது.

பிறிதொரு பக்கமும் உண்டு. மெத்தில்கிளையாக்சால் கண்டறியப்பட்ட அதே 2008-இல், மானுக்காவின் தாயகமாகிய நியூசிலாந்திலேயே, காற்சிரைப் புண்ணுடைய 368 பேரிடம் நடந்த ஒப்பீட்டாய்வு வெளியானது. வழக்கமான கட்டைக் காட்டிலும் தேன் கட்டு புண்ணைக் குறிப்பிடத்தக்க அளவில் விரைந்து ஆற்றியதாக அதில் நிறுவப்படவில்லை. 3,011 பேரை உள்ளடக்கிய 26 ஆய்வுகளை எடைபோட்டு 2015-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்புரை, மேலோட்டமான தீப்புண்ணும் அறுவைக்குப்பின் சீழ்கொண்ட புண்ணும் தேனால் விரைவில் ஆறுகின்றன என்றது. பிற புண்களுக்கு உறுதி கூறவில்லை. ஆய்வுகள் பலவற்றின் தரக் குறைவையும் அது சுட்டிக்காட்டியது. தேன் எல்லா நோய்க்கும் மருந்து என்போர்க்கும், எதற்கும் மருந்தன்று என்போர்க்கும் இது பொதுவான விடை.

மற்றோர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. தேன் கிருமிகளைக் கொல்லினும், சில கிருமிகளின் விதைத்துகள் அதில் சாகாமல் உறங்கிக்கிடக்கும். 1976-இல் கலிபோர்னியாவில் தனி நோயாக இனங்காணப்பட்ட கைக்குழந்தை பொட்டுலிச நச்சு நோய்க்கு, தேன் வழியாகச் செல்லும் அத்துகளும் ஒரு காரணம் என்பது அப்பத்தாண்டிலேயே தெளிவாயிற்று. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம்மிடையே அன்பினால் எழுந்தது. ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது என்பதே மருத்துவத்தின் முடிவு. புண்ணுக்கு இடும் மருத்துவத் தேனும் இத்துகள் அழியும்படி காமாக் கதிரால் தூய்மை செய்யப்படுகிறது. கதிர்வீச்சு தேனின் ஆற்றலைக் கெடுப்பதில்லை என்பதை மோலன் 1996-இல் காட்டினார். அமெரிக்க அரசு 2007-இல் இசைவளித்த புண்கட்டும் இத்தகையதே. அடுக்களைத் தேனைப் புண்ணில் ஊற்றுவது அதற்கு ஈடாகாது.

பெயரும் பொருளும்

ஆற்றல் நிறுவப்பட்டவுடன் வாணிகம் வந்தது. ஃபீனாலோடு ஒப்பிடும் எண்ணைக் கலத்தின்மேல் பொறிக்கும் யு.எம்.எஃப். முத்திரை 1998-இல் தோன்றியது. இரண்டாந்தரமெனத் தள்ளப்பட்ட தேன், உலகின் விலையுயர்ந்த தேன்களுள் ஒன்றாயிற்று. விலை ஏற ஏறப் போலியும் பெருகியது. நியூசிலாந்து அரசு, நான்கு வேதிப்பொருள் அடையாளங்களும் மானுக்காத் தாதின் மரபணு அடையாளம் ஒன்றும் இருந்தாலன்றி ஏற்றுமதிக்கு அப்பெயர் கூடாது என்று 2018-இல் விதித்தது. மானுக்கா என்னும் மாவோரிச் சொல் யாருக்கு உரியது என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வழக்காடின. 2023-இல் நியூசிலாந்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமே அச்சொல்லுக்குத் தனியுரிமை முத்திரை தர மறுத்தது.

இந்தியாவின் நிலையும் கவலைக்குரியது. டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சோதனை முடிவில், 13 வணிகப் பெயர்களில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. சர்க்கரைப் பாகு கலந்த தேன் நாவை ஏமாற்றும். ஆனால் தேனீயின் நொதியும் பூவின் பொருளும் பாகில் இல்லை. காவல் நீங்கிய இனிப்பு அது.

நம் மலையின் தேன்

தமிழகத்தில் நான்கு வகை ஈக்கள் தேன் தருகின்றன. பாறையில் பேரடை கட்டும் மலைத்தேனீ, புதரின் கொம்பில் சிற்றடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ, கொடுக்கில்லாத கொசுத்தேனீ. நீலகிரியின் குறும்பர் பாறைமுகட்டில் தொங்கி மலைத்தேன் எடுப்பவர். 1924-இல் மார்த்தாண்டத்தில் ஊரக மையம் நிறுவிய ஸ்பென்சர் ஹாட்ச், பெட்டித் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். குமரி மாவட்டத் தேனுக்கு இன்று பெருவாய்ப்பளிப்பது ரப்பர் மரம். அதன் இனிய நீரும் பூவில் அன்றி இலைக்காம்பில் சுரப்பது. கொசுத்தேனீ சிறிதளவே தேன் தரும். அது மருந்துக்கென்றே நாட்டுப்புறத்தில் போற்றப்படுவது. கொடுக்கில்லா ஈக்களின் தேனில் டிரெஹாலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2020-இல் கண்டறிந்தபின், இவ்வீயின் மேல் உலகின் பார்வை படிந்துள்ளது.

இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒரே கலத்தில் ஊற்றப்பட்டுத் 'தேன்' என்னும் ஒற்றைச் சொல்லோடு விற்கப்படும்போது, ஈயும் பூவும் இடமும் மறைகின்றன. மறைந்தவற்றை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தர இயலாது. எடுத்த மலை, பூத்த பூ, பருவம், ஈயின் வகை ஆகியவை எடுத்தவராலேயே குறித்துவைக்கப்படின், அத்தேன் சோதனைக்கு உரியதாகும். மானுக்காவின் பெருமை அதன் பழமையால் வந்ததன்று. ஒருவர் கேட்க மற்றொருவர் பொறுமையாகச் சோதித்தமையால் வந்தது. பழமையுடைய நம் தேன்கள் அச்சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

குறுந்தொகையின் 3-ஆம் பாட்டில், தேவகுலத்தார் என்னும் புலவர் தலைவனின் மலைநாட்டைச் சிறப்பிக்கும்போது, அங்குத் தேன் உண்டு என்று மட்டும் கூறி அமையவில்லை; அது குறிஞ்சிப் பூவினின்று திரட்டப்படும் தேன் என்பதையும் கூறினார். ஒரு பொருளை அதன் பூவோடும் நிலத்தோடும் சேர்த்துப் பெயரிடுவது தமிழ்ப் புலமையின் தொன்மையான ஒழுக்கம். இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் நீண்ட வழி நடந்து வந்து சேர்ந்த இடமும் அதுவே. இனித் தேனைப் பாடும் புலவர், எம்மலர்த் தேன் என்பதையும் ஒரு சொல்லால் குறிப்பாராயின், அது கவிதைக்கும் நன்று, தேனுக்கும் நன்று.